நாலு அநாமதேய டயர்கள்

"இதுல எழுத்து எங்கய்யா?"

வாகனச் சோதனை அதிகாரி வீரேந்திரா, எமோசியின் டாக்சி முன் சக்கரத்தருகே குந்தி, டார்ச் அடித்துத் தேடினார். டயரின் பக்கவாட்டில் கம்பெனி பெயர், அளவு, செய்த வருடம், தாங்கும் பாரம் என்று நிறைய எழுதியிருக்க வேண்டும். இங்கே யாரோ அத்தனையையும் தேய்த்து மழமழவென்று ஆக்கியிருந்தார்கள்.

"எழுத்து எதுக்கு சார்? புத்தம் புதுசு. பாருங்க, ரப்பர் முடிகூட உதிரல," என்றான் எமோசி.

"முடி இருக்கு, சரி. வயசு என்ன? எவ்வளவு பாரம் தாங்கும்? எவ்வளவு வேகம் தாங்கும்? கம்பெனி ஒதுக்கித் தள்ளின சரக்கா, களவு போன சரக்கா?"

"அதெல்லாம் டயருக்குத் தெரியும் சார்."

"அப்ப டயரையே கையெழுத்துப் போடச் சொல்லு." வீரேந்திரா முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "வெள்ளிக்கிழமை கடைசி. எழுத்துள்ள டயரோட வா."

எமோசிக்கு வியர்த்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் சோதனையில் தேறாவிட்டால் டாக்சி ஓடாது. ஓடாவிட்டால் தவுவா சந்தை வாசலில் அவன் நிறுத்துகிற இடத்தை வேறொருவனுக்குக் கொடுத்துவிடுவார்கள். அந்த இடத்துக்காக எத்தனையோ வருடம் காத்திருந்தவன் அவன். அந்த இடம் போனால் அடுப்பில் மரவள்ளிக்கிழங்குகூட வேகாது.

நேரே சகியுசாவிடம் போனான். பாதி விலைக்கு அந்த டயர்களை அவன் தலையில் கட்டியது சகியுசாதான். வேறு யாராவது என்றால் சட்டையைப் பிடித்திருக்கலாம். சகியுசா தாய்மாமன் மகன். எங்கள் பக்கத்தில் மச்சானை என்ன கிண்டல் வேண்டுமானாலும் பண்ணலாம், அவன் சட்டையைக் கேட்காமலே எடுத்துப் போட்டுக்கொண்டும் போகலாம். ஆனால் கொடுத்த காசைத் திருப்பிக் கேட்டால் ஊரே சிரிக்கும். அதைவிடப் பெரிய தொல்லை ஒன்றும் உண்டு. யாராவது வீடு தேடி வந்து ஒன்றைக் கேட்டுவிட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது.

சகியுசா பாயில் சாய்ந்து, வேரை இடித்துக் கரைத்த யங்கோனா குடித்துக்கொண்டிருந்தான்.

"டயர் உனக்கு ஓட்டவா, படிக்கவா மச்சான்? படிக்கணும்னா பேப்பர் வாங்கு."

"விளையாடாத. பாஸ் பண்ண மாட்டேங்கறார்."

"மூஞ்சியைப் பார்த்தா நாலு டயரையும் நீயே முழுங்கின மாதிரி இருக்கு. இதுக்கா இந்த அழுகை? சேத்தைப் பூசு. மலை ஊர்லேருந்து நேரா வர்றேன்னு சொல்லு. சேத்தை வழிச்சு யாருய்யா படிக்கப் போறா?"

கேட்கும்போது நல்ல யோசனையாகத்தான் பட்டது. எமோசி ஆற்றங்கரைச் சேற்றை வாளியில் அள்ளி வந்து நாலு டயருக்கும் பூசிக்கொண்டு மறுநாள் போய் நின்றான். வீரேந்திரா வானத்தைப் பார்த்தார். வானம் வெளிறிக் கிடந்தது. கரும்புக்காடு காய்ந்து நின்றது.

"ஊர்ல ஒரு சொட்டு மழை இல்ல. உன் வண்டிக்கு மட்டும் எங்கய்யா பெஞ்சுது?"

குழாயைத் திறந்து அவரே பீய்ச்சினார். கழுவிய டயர்கள் முன்னைவிடப் பளபளவென்று, மொட்டையடித்து எண்ணெய் தேய்த்த தலைபோல் மின்னின.

"அழிஞ்சதை எழுதிட்டாப் போச்சு," என்றான் சகியுசா, சற்றும் அசராமல். "நம்ம வங்கா இருக்கான்ல?"

வங்கா கடைகளுக்குப் போர்டு எழுதுகிறவன். ஒரு பழைய டயரைப் பார்த்து, எண்ணெல்லாம் பிசகாமல், வெள்ளைப் பெயிண்டில் முத்து முத்தாக எழுதினான். எழுதி முடித்தும் டயரில் இடம் மிச்சமிருந்தது. காலி இடத்தைக் கண்டால் அவன் கை சும்மா இருக்காது. வழக்கம்போல ஒன்றைச் சேர்த்து எழுதிவிட்டான். அவசரத்தில் எமோசி அதைக் கவனிக்கவில்லை. வீரேந்திரா கவனித்தார்.

"'ஞாயிறு விடுமுறை'ன்னு போட்டிருக்கே. ஞாயித்துக்கிழமை இந்த டயர் உருளாதா?"

அவர் கட்டைவிரலை நனைத்து ஒரு தேய் தேய்த்தார். கம்பெனி பெயரில் பாதி விரலோடு வந்துவிட்டது.

"இன்னொரு தடவை இந்த வேலை பண்ணே, வண்டியோட சேர்த்து உன்னையும் பிடிச்சு வெச்சுருவேன். எதுல விளையாடறே? நாலு உயிரை ஏத்திட்டுப் போற வண்டிய்யா இது!"

போதாக்குறைக்கு, வீட்டுக்குத் திரும்பும்போது வண்டி குலுங்கியது. இறங்கிப் பார்த்தால் பின்சக்கரம் ஒன்றின் பக்கவாட்டில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு புடைப்பு. அதைப் பார்த்ததும் புத்தியுள்ளவன் டயரைக் கழற்றி எறிந்திருப்பான். எமோசிக்கு வந்தது புத்தி அல்ல, யோசனை.

போதகர் நேமானியிடம் இதே மாதிரிக் கார் இருந்தது. சக்கரமும் அதே அளவு. வாரம் பூராவும் நிழலில் தூங்கும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் கோயில்வரை நகரும். எமோசி சுத்தமான சட்டை போட்டுக்கொண்டு, ஒரு கட்டு யங்கோனா வேரைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்துத் தலை குனிந்து உட்கார்ந்தான்.

"போதகரே, உங்க நாலு சக்கரத்தையும் ஒரே ஒரு நாளைக்குக் கொடுக்கணும். வண்டி அந்தரத்துல நிக்க வேணாம், என்னோடதை மாட்டி விட்டுடறேன்."

போதகர் வேரைப் பார்த்தார். வாசலில் நின்ற தன் காரைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். வேரை முன்னால் வைத்துக் கேட்டுவிட்டால் மறுக்கக் கூடாது என்பது வழக்கம், அவர் என்ன செய்வார்?

"உன் சக்கரத்துல ஏதாவது கோளாறாப்பா?"

"ஐயோ, ஒரு கோளாறும் இல்ல. எழுத்து மட்டும்தான் இல்ல."

"எழுத்துல என்ன இருக்கு? மனசு சுத்தமா இருந்தாப் போதும்," என்றார் போதகர்.

சுத்த மனசுக்காரன் மண்ணெண்ணெயால் மிச்சப் பெயிண்டைத் துடைத்து, புடைத்த சக்கரத்தைச் செம்பருத்தி வேலிப் பக்கமாக, யார் கண்ணிலும் படாதபடி மாட்டினான்.

வெள்ளிக்கிழமை காலை வீரேந்திரா டயரில் இருந்த ஒவ்வொரு எழுத்தையும் வாய்விட்டுப் படித்தார். "இதுதான்யா டயர்! முதல்லயே சொன்னாக் கேக்கறதுதானே?" கையெழுத்து விழுந்தது. எமோசி பாடிக்கொண்டே போதகர் வீட்டுக்கு வந்தான், சக்கரங்களைத் திருப்பி மாட்டிக் கொடுக்க.

வாசலில் காரைக் காணோம்.

"இப்பத்தான் போச்சுப்பா," என்றாள் போதகரின் மனைவி. "உன் மச்சான் சகியுசா ஓடி வந்தான். அவன் பொண்டாட்டி மெரேயோனிக்கு இடுப்பு வலி எடுத்திருச்சாம், லௌடோக்கா ஆஸ்பத்திரிக்குப் போகணும், காரைக் கொடுங்கன்னு கேட்டான். கேட்டா எப்படி இல்லங்கறது?"

புடைத்த சக்கரம் எமோசியின் கண் முன்னால் சுழன்றது. அதன்மேல் நிறைமாதப் பெண். போன் அடித்தான், சகியுசா எடுக்கவில்லை. டாக்சியைத் திருப்பி விரட்டினான். "ஆண்டவரே, வண்டி போனாலும் போகட்டும், நிறுத்தத்து இடம் போனாலும் போகட்டும், அந்தப் பொண்ணைக் காப்பாத்து," என்று வழி நெடுக வாய்விட்டே கெஞ்சினான். இதுவரை நடந்ததில் அவன் உண்மையாகப் பேசியது அது ஒன்றுதான்.

இரண்டு ஊர் தாண்டி, கரும்பு வண்டித் தண்டவாளத்தருகே, போதகரின் கார் மூக்கைக் கரும்புக்குள் நுழைத்துக்கொண்டு நின்றது. பின்டயர் நார் நாராகக் கிழிந்து கிடந்தது. மெரேயோனி ஒரு மாமரத்தடியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகிக்கொண்டிருந்தாள். ஒரு கீறல்கூட இல்லை. எமோசிக்கு அழுகையே வந்துவிட்டது.

சகியுசா கிழிந்த டயரை உதைத்துக்கொண்டிருந்தான்.

"எந்தப் படுபாவி மச்சான் இந்த டயரைப் போதகர் தலையில கட்டினான்? சாமிக்குக்கூடப் பயப்படாத பய! என் கையில கிடைச்சான், தோலை உரிச்சுருவேன்!"

எமோசி வாயைத் திறந்தான். விற்றவன் யார் என்று சொன்னால் மாட்டியவன் யார் என்றும் சொல்ல வேண்டும். வாயை மூடிக்கொண்டான்.

"அதெல்லாம் அப்புறம். ஏறுங்க, ஏறுங்க!"

மெரேயோனியைத் தாங்கிப் பின்சீட்டில் உட்கார வைத்தான். சகியுசாவோ ஏறாமல் சாலையை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உனக்கெதுக்கு மச்சான் சிரமம்? இப்ப பஸ் வந்துரும்."

"பஸ்ஸா? புள்ளை நடுரோட்டுல பொறந்துரும்யா!"

"அப்ப மெதுவாப் போவியா? ரொம்ப... ரொம்ப மெதுவா?"

"வலிக்குது, மெதுவாவாம்! இவரு கிடக்காரு, நீங்க எடுங்க அண்ணே," என்று கத்தினாள் மெரேயோனி. "உங்களைத்தான் முதல்ல கூப்பிடச் சொன்னேன், 'அவன் வண்டியில இருக்கறது நான் வித்த டயருடி, அதுல உன்னை ஏத்த எனக்கென்ன பைத்தியமா'ன்னு இந்த மனுஷன்தான் போதகர் காரைக் கேட்டு வாங்கிட்டு வந்தாரு!"