கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு வேலைக்காரி

உங்களுக்கு ஒரு தொன்மையாளரைத் தெரியுமா? ஆராய்ச்சிக்காரரைச் சொல்லவில்லை, அவர்கள் சந்தேகப்படுவார்கள். இவர் சந்தேகமே படாதவர். சப்பாத்திக் கட்டையைக் காட்டினாலும் ஐயாயிரம் வருஷம் என்பார். கூடவே, "நம்ம ஆளுங்க செஞ்சது" என்பார்.

தில்லியில் இந்த இனம் செழித்து வளர்கிறது. சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் இருக்கும் ஜோதிலிங்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜன்பத் நடைபாதைக் கடையில், குனிந்து மாவரைக்கும் ஒரு மரப் பெண்ணைப் பார்த்தார். எகிப்துக் கல்லறைகளில், செத்த எஜமானுக்கும் மாவரைத்துப் போட இப்படி வேலைக்காரப் பொம்மைகளை வைத்தார்கள் என்று எங்கோ படித்திருந்தார்.

"புரானா ஹை, சாப்" என்றான் கடைக்காரன்.

விற்காமல் கிடக்கும் பழைய சரக்கு என்று அவன் சொன்னான். முப்பது வருஷம் தில்லியில் இந்தி பேசியவர் காதில் அன்றைக்கு மட்டும் அது 'புராண காலத்தது' என்று விழுந்தது.

பொம்மை வீட்டுக்கு வந்தது. கண்ணாடிப் பெட்டி வந்தது. கீழே விரிக்கப் பட்டுத்துணி வந்தது. வருகிறவர்களுக்கெல்லாம் பிரசங்கம்: "அது அம்மி, பாத்தீங்களா? அம்மி யாருது? நம்மளுது! கப்பல்ல போயி எகிப்துக்காரனுக்கு மாவரைக்கக் கத்துக்குடுத்ததே நாமதான்."

சென்ற வாரம் அந்த மரப் பெண்ணின் கை கழன்று விழுந்தது. அப்போது அதைத் துடைத்துக்கொண்டிருந்தவள், அந்த வீட்டில் பாத்திரம் தேய்க்கும் முத்துமாரி.

"ஐயாயிரம் வருஷம் தாங்குன கை, நீ தொட்டதும் போச்சே! நாளையிலேருந்து வராதே!"

"துணியாலதான் சார் தொட்டேன். இந்த வீட்டு வேலையும் போச்சுன்னா நான் என்ன செய்வேன்? அம்மா, நீங்களாச்சும் சொல்லுங்கம்மா."

மனைவி மாதங்கி விழுந்த கையை எடுத்துப் பார்த்தாள். "ஏங்க, உள்ள ஸ்க்ரூ இருக்கு."

இருந்தது. பளபளவென்று, நட்சத்திரத் தலையோடு. நீங்களாக இருந்தால் வெட்கப்பட்டிருப்பீர்கள். ஜோதிலிங்கமும் வெட்கப்பட்டார். பாவம், ஒரே ஒரு கணம்தான்.

"பாத்தியா! ஸ்க்ரூவையும் அப்பவே நம்ம ஆளு கண்டுபிடிச்சிருக்கான்!"

"அச்சா! அப்போ சரியா முடுக்காம விட்டதும் நம்ம ஆளுதானே? மாரியை ஏன் விரட்டுறீங்க?"

ஜோதிலிங்கம் கோந்துப் புட்டியைத் தேடப் போய்விட்டார். மரப் பெண்ணுக்குக் கை ஒட்டியாயிற்று. அவள் பட்டில் குனிந்து இல்லாத மாவை அரைக்கிறாள். முத்துமாரி இன்னும் வரவில்லை. 'தப்பு என்னுது' என்று சொல்லி அழைத்துவர ஜோதிலிங்கத்துக்கு ஐயாயிரம் வருஷமாகவே பழக்கம் இல்லை.

சிரிக்கிறீர்களா? நல்லது. உங்கள் வீட்டில் ஏதோ உடைந்த அன்று முதலில் யார் முகத்தைப் பார்த்தீர்கள்? அந்த வேலைக்காரியின் வீடு எங்கே என்றுகூடத் தெரியாதா? விசாரித்துக்கொண்டு போங்கள். மன்னிப்புக் கேளுங்கள். இன்றைக்கே.