ஹமீது வீட்டுத் தண்ணீரைப் பூட்டிய நாள்

விதிமுறை தெரியாதவன் செய்யும் தவறு அவசரத்தில் நடக்கும். விதிமுறை தெரிந்தவன் செய்யும் தவறு நிதானமாக, படிப்படியாக, கையெழுத்துடன் நடக்கும். நான் இரண்டாவது வகை.

இருபத்தெட்டு வருடங்கள் பினாங்குத் தீவில் பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தேன். என் காலத்தில் அங்கே யாருக்கும் ஒரு விரல்கூடப் போகவில்லை. (என் உரைகளைக் கேட்டுத் தூங்கிப்போய் நாற்காலியிலிருந்து விழுந்தவர் ஒருவர் உண்டு. அதற்கும் விபத்துப் படிவம் நிரப்பினேன்.) படிவம் என் ரத்தத்தில் ஓடுவது. யாழ்ப்பாணத்திலிருந்து மலாயா ரயில்வேக்குக் கிராணிகளாக, அதாவது குமாஸ்தாக்களாக, வந்த குடும்பம் எங்களுடையது. ஒரு காரியம் நடந்தது என்பதற்கு எங்களிடம் சான்று அந்தக் காரியம் அல்ல, அதைப் பற்றிய தாள்.

மூன்று வருடங்களுக்கு முன் என் மனைவி புவனாவுக்கு வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். மருத்துவர் ஒரே ஒரு விஷயத்தைத்தான் அழுத்திச் சொன்னார். வீட்டுக்கு வரும்போது குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி இருக்க வேண்டும். புது மூட்டோடு ஒருமுறை வழுக்கி விழுந்தால் மறுபடியும் கத்திதான், இரண்டாவது தடவை இவ்வளவு நன்றாக வரும் என்று சொல்ல முடியாது. புவனா பயப்படுகிறவள் அல்ல. அன்று வீடு திரும்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தாள்.

எனக்கு ஆறு வாரம் இருந்தது. ஐந்து வாரத்தைப் படிப்பதில் செலவிட்டேன். கைப்பிடிகளின் வகைகள், தாங்கும் எடை, திருகாணியின் நீளம். ஜெலுத்தோங் சந்தைக்கு எதிரில் உள்ள ஹார்ட்வேர் கடையில் ஒரு ஹேமர் டிரில் வாங்கி, அதன் கையேட்டை இரண்டு மொழிகளில் படித்து ஒப்பிட்டேன். (மலாய்ப் பதிப்பில் ஓர் எச்சரிக்கை விடுபட்டிருந்தது. கடைக்காரரிடம் போய்ச் சொன்னேன். அவர் நன்றி சொல்லவில்லை.) ஆறாவது வாரம் புவனா மருத்துவமனைக்குப் போய்விட்டாள். சுவர் அப்படியே இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை தொலைபேசியில் அழைத்தாள். அன்றைக்குத்தான் வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

"ஆ லெங்கைக் கூப்பிட்டீங்களா?"

"அவர் எதுக்கு? நானே போடுறேன்."

"என்னங்க, மூணு மணிக்கு வந்துருவேன். பாத்ரூம்ல பிடிச்சிக்க ஒண்ணு இருக்கணும். எனக்கு அது போதும்."

"இருக்கும்."

"சரி," என்றாள். முப்பத்தாறு வருடத்தில் அந்தச் 'சரி'யை அவள் பலமுறை சொல்லியிருக்கிறாள். ஒருமுறைகூட அதற்குச் சம்மதம் என்று பொருள் இருந்ததில்லை.

ஆ லெங் எங்கள் அடுக்குமாடியில் எல்லா வீட்டுக் குழாயையும் பார்க்கிறவர். நான் அவரைக் கூப்பிடாததற்குக் கொள்கைதான் காரணம். சிலிப்பர் போட்டுக்கொண்டு வருவார். காதில் ஒரு சிகரெட். சுவரைத் துளைக்கும்போது ஒரு கண்ணை மூடிக்கொள்வார். அவருடைய கண் பாதுகாப்பு அவ்வளவுதான். முப்பது வருடமாக இதே தொழிலில் பத்து விரல்களோடும் இரண்டு கண்களோடும் இருக்கிறார் என்பதை நான் அதிர்ஷ்டக் கணக்கில் சேர்த்திருந்தேன்.

காலை பத்து மணிக்கு வேலை அனுமதிப் படிவத்தை அச்சிட்டேன். விண்ணப்பிப்பவர் நான். அனுமதிப்பவர் நான். ஆய்வாளர் நான். மூன்று கையெழுத்தையும் கொஞ்சம் வித்தியாசமாகப் போட்டேன், ஒரே ஆள் போட்டதுபோல் இருக்கக்கூடாது என்று. ஆபத்துகள்: தூசி, இரைச்சல், தெறிக்கும் சுவர் ஓட்டுச் சில்லு, மின்சாரம், தண்ணீர். பாதிக்கப்படக்கூடிய நபர்கள் என்று ஒரு கட்டம் உண்டு. வீட்டில் வேறு யாரும் இல்லை. 'எவருமில்லை' என்று எழுதி, குளியலறைக் கதவில் ஒட்டினேன்.

தண்ணீரைத்தான் மிகப் பெரிய ஆபத்தாக மதிப்பிட்டிருந்தேன். சுவருக்குள் குழாய் எங்கே ஓடுகிறது என்று எனக்குத் தெரியாது. குழாய் தேடும் கருவி ஒன்று வாங்கிச் சுவர் முழுக்கத் தடவிப் பார்த்தேன். அது வாய் திறக்கவில்லை. (உலோகத்துக்கு மட்டும் வாய் திறக்கும் கருவி. என் வீட்டுக் குழாய் பிளாஸ்டிக். இதுவும் கையேட்டில் இருந்தது.) ஆனால் எதற்கும் இருக்கட்டும் என்று தண்ணீரையே நிறுத்திவிடுவது என் திட்டம். தண்ணீர் இல்லாத குழாயைத் துளைத்தால் குழாய்க்குத்தான் சேதம், உயிருக்கு இல்லை.

எங்கள் மாடியில் தண்ணீர் மீட்டர்கள் வெளி நடைபாதையில், வீட்டு வாசல்களுக்கு எதிர்ச்சுவரில் இருக்கின்றன. எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் சேர்த்து ஒரு பெட்டி, உள்ளே இரண்டு மீட்டர், இரண்டு வால்வு. எண்கள் எப்போதோ வெள்ளைப் பூச்சுக்கு அடியில் போய்விட்டன. வாசல்களைப் பார்த்து நின்றால் எங்கள் வீடு இடப்பக்கம். ஆகவே இடப்பக்க வால்வு எங்களுடையது. இந்த முடிவுக்கு வர எனக்கு மூன்று விநாடிகூட ஆகவில்லை. மீட்டரைப் பார்க்க ஒருவன் வாசலுக்கு முதுகைக் காட்டித் திரும்ப வேண்டும் என்பதும், திரும்பினால் இடம் வலமாகிவிடும் என்பதும் அன்றைய மதிப்பீட்டில் இடம்பெறவில்லை.

பன்னிரண்டு மணி தாண்டி இடப்பக்க வால்வை மூடினேன். ஓய்வு பெற்றபோது நினைவாக எடுத்து வந்த சிவப்புப் பூட்டை அதில் மாட்டினேன். பூட்டோடு என் பழைய அட்டை. அதில் மலாயிலும் ஆங்கிலத்திலும், 'இந்தப் பூட்டை நம்பி ஓர் உயிர் உள்ளே வேலை செய்கிறது, அகற்றாதீர்' என்று இருக்கும். பக்கத்தில் என் புகைப்படம், நாற்பது வயதில், சிரித்த முகத்தோடு. பூட்டுக்கு ஒரே சாவி. அது பூட்டியவன் கழுத்தில் தொங்க வேண்டும். தொங்கியது.

பூட்டு, அட்டை, சோதனை. மூன்றாவதைத் தவறவிட்டவன் முதல் இரண்டையும் செய்யாதவனுக்குச் சமம் என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். அதனால் சோதித்தேன். குளியலறைக் குழாயைத் திறந்தேன். தண்ணீர் வந்தது.

இந்த இடத்தில் ஓர் அறிவிலி என்ன செய்திருப்பான்? தண்ணீர் வருகிறது, எனவே தண்ணீர் நிற்கவில்லை என்று நினைத்திருப்பான். நான் படித்தவன். குழாயில் எஞ்சிய நீர் என்று ஒன்று உண்டு என்பது எனக்குத் தெரியும். அதைப் பற்றித் தனியாக ஒரு வகுப்பே எடுத்திருக்கிறேன். இருபது வரை எண்ணினேன். கொஞ்சம் மெலிந்ததுபோல் தெரிந்தது. (தெரிய வைத்துக்கொண்டேன்.) குழாயை மூடிவிட்டு, சோதனைக் கட்டத்தில் 'திருப்தி' என்று எழுதினேன். கண்ணெதிரே இருப்பதைப் பார்க்காமல் இருக்க அறியாமை மட்டும் போதாது, கொஞ்சம் படிப்பும் வேண்டும் என்று அதற்குப் பிறகு பலமுறை நினைத்திருக்கிறேன்.

துளைத்த முறையில் இன்றும் குறை காண முடியாது. மோதிரத்தைக் கழற்றினேன். சட்டைக் கையைப் பொத்தானிட்டேன்; தொங்கும் துணி சுழலும் டிரில் பிட்டுக்கு உணவு. கண்ணாடி, முகமூடி, காதுமூடி. எவ்வளவு ஆழம் என்று பிட்டில் டேப் சுற்றினேன். ஓட்டின் மேல் டேப் ஒட்டி, இடிக்கும் விசையான ஹேமரை அணைத்து, மெதுவாகச் சுழலும் வேகத்தில் மட்டும் ஓட்டைத் துளைத்தேன். ஹேமரை எடுத்த எடுப்பில் போட்டால் ஓடு விரிசல் விடும். சிமெண்டைத் தொட்ட பிறகே ஹேமர். இரண்டு கையாலும் பிடி, பக்கக் கைப்பிடி இறுக்கம், கால் அகலம். பிட் சூடானால் நிறுத்தி ஆறவிட்டேன். அழுத்தவில்லை, இயந்திரத்தை அதன் வேலையைச் செய்ய விட்டேன்.

முதல் துளை, இரண்டாவது துளை, அச்சு வார்த்ததுபோல். மூன்றாவதில் சுவர் சட்டென்று ஒத்துப்போனது. அவ்வளவு நேரம் முரண்டு பிடித்த சிமெண்டு, வெண்ணெய்போல் பிட்டை உள்ளே விட்டது. விசையை விட்டு, பிட்டை வெளியே இழுத்தேன்.

இழுத்திருக்கக் கூடாது. அதுவரை அதுதான் அடைப்பாக இருந்தது.

தண்ணீர் முகத்தில் அறைந்தது. பாதுகாப்புக் கண்ணாடி அணிந்திருந்ததால் அது வருவதை மிகத் தெளிவாகப் பார்க்க முடிந்தது. டிரில் நனைந்ததும் மெயின் சுவிட்ச் தானாக விழுந்து மின்சாரம் நின்றது. (காலையில் அதைச் சோதித்திருந்தேன். நான் இன்று எழுதிக்கொண்டிருப்பதற்குப் படிவத்தின் அந்த ஒரு வரிதான் காரணம், அதை மட்டும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன்.) இருட்டில் துளையை உள்ளங்கையால் பொத்தினேன். விரலிடுக்கில் பீறிட்டது. எஞ்சிய நீர்தான், தீர்ந்துவிடும் என்று நின்றேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். கணுக்கால் நனையத் தொடங்கிய பிறகே பினாங்குத் தீவின் எஞ்சிய நீர் முழுவதும் என் வீட்டுக்கு வருகிறது என்று புரிந்தது. காதுமூடியைக் கழற்றினேன். யாரோ வாசற்கதவை உடைக்காத குறையாகத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

திறந்தால் ஹமீது. பக்கத்து வீட்டுக்காரர், நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருப்பவர். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போகக் கடையிலிருந்து வந்து குளித்துக்கொண்டிருந்திருக்கிறார். இடுப்பில் ஈரக் கைலி. தலையிலும் தாடியிலும் பாதி காய்ந்த ஷாம்பு நுரை. ஒரு கண்ணைத் திறக்க முடியவில்லை.

"அண்ணே, மீட்டர்ல தொங்குறது உங்க படந்தானே?"

"ஆமாம்."

"பத்து நிமிசமா கதவத் தட்டுறேன். என் வீட்டுல பைப்புத் தண்ணி இல்ல."

அப்போதுதான் எனக்கு இடம் வலமானது.

"பூட்டை உடைக்க வேண்டியதுதானே, ஹமீது?" என்றேன்.

"எலும்பு வெட்டுற கத்தி வீட்டுல இருக்கு. ஒரு போடு போட்டா தெறிச்சிரும். ஆனா உசிரு உள்ள இருக்குன்னு போட்டிருக்கே. எப்படிண்ணே கை வைக்கிறது?"

என் பணிக்காலத்தில், அவசரம் என்ற பெயரில் பூட்டை நெம்பப் பார்த்த பொறியாளர்களைக் கண்டிருக்கிறேன். ஒரு வகுப்பிலும் உட்காராத மனிதர், கண்ணில் நுரையோடு, தொழுகைக்கு நேரமாகிக்கொண்டிருக்க, அட்டையில் இருந்த என் முகத்தை நம்பிப் பத்து நிமிடம் நின்றிருக்கிறார். அந்த மாடியில் அன்று விதிமுறையைப் பின்பற்றியவர் அவர் ஒருவர்தான்.

கழுத்துச் சாவியால் அவர் தண்ணீரை விடுவித்தேன். என்னுடைய வால்வு வருடக்கணக்காக அசையாததால் இறுகியிருந்தது. ஹமீதுதான் ஸ்பேனர் கொண்டுவந்து, முனகிக்கொண்டே அதைத் திருகி மூடினார். பிறகு ஆ லெங்குக்கு அவரே போன் செய்துவிட்டு, நுரையைக் கழுவ ஓடினார். தொழுகைக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தாராம். என்ன வேண்டிக்கொண்டார் என்று நான் கேட்கவில்லை.

ஆ லெங் சிலிப்பரோடு வந்தார். யார் துளைத்தது என்று மலாயில் கேட்டார். உண்மையைச் சொன்னேன், கதவில் மூன்று இடத்தில் என் பெயர் இருக்கும்போது வேறு வழியில்லை. கீழே தண்ணீர் திறக்கும் குழாய், நேர் மேலே ஷவர், நடுவில் வேறு எப்படிக் குழாய் ஓடும் என்று விரலால் ஒரு கோடு போட்டுக் காட்டினார். கோட்டின் மேல் என் மூன்றாவது துளை. பிறகு ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஓடுகளை உடைக்க ஆரம்பித்தார்.

மூன்று மணிக்கு மகள் தாரணி அம்மாவை அழைத்து வந்தாள். புவனா நடக்க உதவும் சட்டத்தைப் பிடித்து ஒவ்வோர் அடியாக ஹாலைக் கடந்து வந்தாள். ஈரத் தரையில் சட்டத்தின் கால் ஒருமுறை வழுக்கியது. தாரணி பிடித்துக்கொண்டாள். கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் நான்கு ஓடு அகலத்துக்குச் சுவர் வாயைப் பிளந்திருந்தது. நான் விளக்கத் தொடங்கினேன். வால்வு, பெட்டி, திசை. அவள் கேட்கவில்லை. கதவில் ஒட்டியிருந்த தாளை மேலிருந்து கீழே வாசித்துக்கொண்டு வந்தாள். ஒரு கட்டத்தில் நின்றாள்.

"பாதிக்கப்படக்கூடிய நபர்கள், எவருமில்லை," என்று சத்தமாகப் படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அப்ப நான் யாருங்க?"

தாளைக் கதவிலிருந்து கிழித்தெடுத்தேன்.

நான்கு நாள் புவனா ஹமீது வீட்டில் குளித்தாள். ஹமீதின் மனைவி ஒரு தோளைக் கொடுத்து அழைத்துப் போவார், முடித்ததும் கொண்டுவந்து விடுவார். அந்த நேரம் முழுவதும் நான் நடைபாதையில் நிற்பேன். எந்தப் பக்கம் பார்த்து நின்றாலும் சங்கடமாகத்தான் இருந்தது. அவள் விழவில்லை. அதில் என் பங்கு எதுவுமில்லை.

சுவர் காய்ந்ததும் ஆ லெங் வந்தார். அளவுநாடாவோடும் கைப்பிடிக்கு உரிய உயரம் அச்சிட்ட தாளோடும் காத்திருந்தேன். அவர் இரண்டையும் பார்க்கவில்லை. ஆன்ட்டியைக் கூப்பிடுங்கள் என்றார். புவனாவைக் குளியலறை முக்காலியில் உட்காரவைத்து, எழுந்திருக்கிற மாதிரி கையை நீட்டச் சொன்னார். கை போய்த் தொட்ட இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. அது என் தாளில் இருந்த உயரத்துக்கு ஒரு சாண் கீழே இருந்தது. ஐந்து வாரம் படித்தவன் நான். அந்தக் கையை நீட்டிக் காட்டச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

கைப்பிடி அந்தக் கோட்டில்தான் இருக்கிறது. புவனா இப்போது அதைப் பிடிப்பதில்லை, மூட்டு நன்றாகச் சேர்ந்துவிட்டது. காலையில் நானும் அவளும் ஆயர் ஈத்தாம் சந்தைக்குப் போனால் பேருந்தில் எனக்கு முன்னே ஏறிவிடுகிறாள். போன வருடம் முதுகு பிடித்துக்கொண்டதிலிருந்து அதைப் பிடிப்பது நான். நான் நெட்டையன். அவள் உயரத்துக்கு வைத்த கைப்பிடியை எட்ட, ஒவ்வொரு முறையும் இடுப்பு வரை வளைய வேண்டியிருக்கிறது. தாரணி போன் செய்து அப்பா எங்கே என்று கேட்டால், நான் குளியலறையில் இருக்கும் நேரத்தில் புவனா சொல்லும் பதில் ஒன்றுதான்.

"கும்பிட்டுக்கிட்டு இருக்காரு. முடிச்சதும் வருவாரு."