மனிசியின் பேரில் நானூறு டொலர்

கலியாணம் செய்த நாளிலிருந்து மனிசியால் எனக்குச் செலவுதான். ஒரு முறையாவது மனிசியால் எனக்கு வரவு வரவேண்டும் என்று 1976ஆம் ஆண்டு ஆடி மாதம், சிட்னியில், ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், வரிப்படிவத்தைக் குசினி மேசையில் விரித்து வைத்துக்கொண்டு நான் சபதம் எடுத்தேன். அப்போது கையில் ஒரு பியர் கிளாஸ் இருந்தது. அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்ளுங்கோ. நித்தியானந்தன். ஊர் யாழ்ப்பாணத்துக் கொக்குவில். பரமட்டாவில் ஒரு கட்டடக் கொம்பனியில் படம் கீறுகிற வேலை. ஹோம்புஷ்ஷில் இரண்டு அறை ஃபிளாட். மனிசி நாகேஸ்வரி ஊரில், ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு ரீச்சர்.

"மூண்டு மாசத்திலை உம்மைக் கூப்பிடுறன்" என்று கட்டுநாயக்காவில் வைத்துச் சொல்லிவிட்டுத்தான் பிளேன் ஏறினேன். இரண்டு வருஷமாயிற்று. முதலில் வீடு கிடைக்கவில்லை என்று எழுதினேன். பிறகு, வீடு கிடைத்தது, ஆனால் பேப்பர் குடிவரவுக் கந்தோரில் நிற்கிறது என்று எழுதினேன். உண்மையில் அவளைக் கூப்பிடுகிற படிவம் என் கட்டிலுக்குக் கீழே சூட்கேசுக்குள் படுத்திருந்தது. அதில் என் பேரைக்கூட நான் நிரப்பவில்லை.

ஏன் என்று கேட்கிறீர்கள். உங்களோடு இருக்கட்டும். சுகம், பாருங்கோ! சனிக்கிழமை விடிய விடிய சீட்டில் முன்னூற்றிநாலு விளையாடலாம். ஞாயிறு பத்தரைக்கு எழும்பலாம். மூன்று நேரமும் பாணும் ரின்மீனும் தின்னலாம். ஈரத் துவாயைக் கட்டிலில் எறியலாம். எங்கை போறியள், எப்ப வருவியள், ஆரோடை போறியள் என்று கேட்க ஆளில்லை. நாகேஸ் தங்கமான பொம்பிளை. ஆனால் வினாத்தாள் தயாரித்துச் சம்பளம் வாங்குகிற ஆள். கேள்வி கேட்காமல் இருக்க அவளால் ஏலாது.

என்னோடு அதே ஃபிளாட்டில் இருந்தவர் பார்த்தசாரதி. திருச்சிக்காரர், கணக்காளர். அவர்தான் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"நித்தி, இந்தக் கட்டம் ஏன் காலியா இருக்கு?"

"எந்தக் கட்டம்?"

"மனைவி."

"மனிசி ஊரிலையெல்லோ."

"ஊர்ல இருந்தா மனைவி இல்லைன்னு ஆயிடுமா? வரியில நானூறு டாலர் குறைப்பான்யா!"

கிளாஸைக் கீழே வைத்தேன்.

"ரெண்டே ரெண்டு விஷயம்" என்றார். "ஒண்ணு, அவங்களுக்குச் சொந்த வருமானம் இருக்கக் கூடாது. ரெண்டு, சீக்கிரமே இங்க வந்து குடியேறப் போறாங்கன்னு காட்டணும்."

"அவள் படிப்பிக்கிறாள். மாசம் நானூற்றைம்பது ரூபா. அதெல்லாம் ஒரு சம்பளமே?"

"'அதெல்லாம் ஒரு சம்பளமா'ன்னு இந்த ஃபாரத்துல ஒரு கட்டம் இல்ல நித்தி. ரெண்டையும் சொல்லி அவங்க கையால எழுதின லெட்டர், ஜே.பி. கையெழுத்தோட கொண்டாங்க. இல்லேன்னா நான் இதுல கை வைக்க மாட்டேன். நவம்பர் கடைசி வரைக்கும் டைம் கேட்டு எழுதிடறேன்."

அவர் சொன்ன சட்டம் சரியோ பிழையோ, எனக்குத் தெரியாது. எனக்கு நானூறு மட்டும்தான் காதில் விழுந்தது. பரமட்டா வீதியில் ஒரு பழைய ஹோல்டன் கார், நீலநிறம், விலைக்கு நின்றது. நானூறு டொலர். சரியாக நானூறு! "கெதியிலை வருவாள்" என்று எழுதினால் எவ்வளவு கெதி என்று எவன் வந்து பார்க்கப் போகிறான்? காரும் வரும், மனிசியும் வரமாட்டாள். என் மூளையை நானே தட்டிக் கொடுத்தேன்.

அடுத்த நாளே ட்ரங்க் கோல் போட்டேன். கொக்குவிலில் எங்கள் பக்கத்து வீடு தபாலதிபர் வீடு. அங்கே ஃபோன் இருந்தது. ஆள் அனுப்பி நாகேஸைக் கூட்டி வந்தார்கள். மூன்று நிமிஷம்.

"ஹலோ! நாகேஸ்! நான்!"

"ஆர்?"

"உம்மடை மனிசன்!"

"எந்த மனிசன்? மூண்டு மாசத்திலை கூப்பிடுறன் எண்டவரோ?"

அதிலேயே இருபது செக்கன் போயிற்று.

"இஞ்சேரும், பகிடி விடாதையும். நிமிசத்துக்கு நாலு டொலர்! எனக்கு ஜே.பி. கையெழுத்தோடை ஒரு கடிதம் வேணும். உமக்கு ஒரு வருமானமும் இல்லையெண்டு."

"எனக்குச் சம்பளம் வருகுதே."

"வருகுதுதான். வரேல்லையெண்டு எழுதும்."

"பொய்யோ?"

"பொய்யில்லையப்பா. கடிதம்!"

"இஞ்சாருங்கோ, பதினொரு வருசமாப் பிள்ளையளுக்குக் கணக்குப் படிப்பிக்கிறன். பிழையான விடைக்குக் கீழை நான் கையெழுத்து வைக்கமாட்டன்."

"நானூறு டொலர், நாகேஸ்!"

வயரில் கடல் மட்டும் இரைந்தது.

"வேறை என்ன எழுதவேணும்?"

"கெதியிலை சிட்னிக்குக் குடிவாறன் எண்டு."

"அது உண்மையோ?"

"அது... எழுதுற அளவுக்கு உண்மை."

"ம். பொய் எழுதமாட்டன். ஆனா ஒரு வழி இருக்கு."

"என்ன வழி?" என்று நான் கேட்க, மூன்று நிமிஷம் முடிந்துவிட்டது.

என்ன வழியோ, கடிதம் வந்தால் போதும் என்று அன்று இரவு நிம்மதியாகப் படுத்தேன். ஹோல்டன்காரனிடம் இருபது டொலர் முற்பணமும் கட்டி, கார்த்திகை முடியும்வரை காரை வைத்திருக்கச் சொன்னேன். ஒவ்வொரு கிழமையும் போய் அதன் முன்பக்கத்தைத் தடவிவிட்டு வந்தேன்.

ஆவணியில் ஒரு தடித்த கடித உறை வந்தது. உள்ளே நாலு பத்திரம், ஒரு துண்டுக் கடிதம்: "எல்லாம் சட்டப்படி செய்கிறேன். இரத்தினசிங்கம் மாமா சொல்கிறபடி உங்கள் கையெழுத்து நாலு இடத்தில் வேணும். பென்சிலால் புள்ளடி போட்டிருக்கிறது. உடனே அனுப்புங்கோ." இரத்தினசிங்கம் மாமா எங்கள் ஊர்ச் சமாதான நீதவான். அந்த ஜே.பி. அவர்தான்.

இங்கே எங்கள் ஆட்களின் ஒரு பழக்கத்தைச் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்தான் பேப்பரில் மரண அறிவித்தலைக்கூட மேலிருந்து கீழ்வரை இரண்டு தரம் வாசிப்பான். ஆனால் சட்டம் படித்த ஒரு பிரக்கிராசியாரோ ஜே.பி.யோ பென்சிலால் புள்ளடி போட்டுக் கொடுத்தால், அதை வாசிக்கமாட்டான். வாசித்தால் அந்தப் பெரியமனிதரை நம்பவில்லை என்றாகிவிடும். மரியாதைக் குறைவு. என் கலியாண எழுத்தே அப்படித்தான் நடந்தது. அன்றைக்காவது வாசித்திருக்கலாம்.

ரெயிலில், கிரான்விலுக்கும் லிட்கம்புக்கும் இடையில், நாலு புள்ளடியிலும் கையெழுத்து வைத்து முடித்தேன். அடுத்த நாள் காலை தபாலில் போட்டேன்.

புரட்டாசி போயிற்று. ஐப்பசி போயிற்று. பார்த்தசாரதி நாள் எண்ணிக்கொண்டிருந்தார். கார்த்திகை நடுப்பகுதியில் ஒரு தந்தி: "கடிதம் வியாழன் காலை சிட்னி வருகிறது. விமான நிலையத்துக்கு வரவும். நாகேஸ்வரி."

எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை, பாருங்கோ. எங்கள் ஆட்கள் தபாலை நம்பமாட்டார்கள். மிளகாய்த்தூளும் முக்கியமான கடிதமும் ஆள் கையில்தான் வரும். ஆரோ வருகிறார்கள், அவர்கள் கையில் கொடுத்துவிட்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு பார்த்தசாரதியின் மினி காரில் போனோம்.

முதலில் ஒரு தள்ளுவண்டி வந்தது. அதில் பெரிய சூட்கேஸ் இரண்டு, கயிறு கட்டிய பெட்டி ஒன்று. அதற்குப் பின்னால் பச்சைச் சேலையில் நாகேஸ்வரி வந்தாள்.

"கடிதம் எங்கை?" என்றேன். இரண்டு வருஷத்துக்குப் பிறகு மனைவியைக் காண்கிற எந்தப் புருஷனும் இப்படிக் கேட்டிருக்கமாட்டான்.

"கைப்பைக்குள்ளை. முதல் சூட்கேசைப் பிடியுங்கோ."

பொய் சொல்லக்கூடாது. அவளைக் கண்டதும் எனக்கு நெஞ்சு நிறைந்துதான் போயிற்று. ஆள் மெலிந்திருந்தாள். கண்ணில் நித்திரை இல்லை. பாவம், என் மனிசி, என்று நினைத்தேன். அரை நிமிஷம் அப்படி நின்றேன். அதற்குப் பிறகு சனிக்கிழமை ஞாபகம் வந்தது.

மினியின் பின்சீட்டில் அவள், நான், நடுவில் கயிறு கட்டிய பெட்டி.

"எப்பிடி வந்தனீர்?"

"பிளேனிலை."

"அதில்லையப்பா! ஆர் கூப்பிட்டது?"

"நீங்கள்தான். மூண்டாவது புள்ளடி, கூப்பிடுற படிவம்."

"அப்ப முதலாவது?"

"நான் வேலையை விடுறதிலை உங்களுக்குச் சம்மதம் எண்டு."

"ஐயோ! வேலையை விட்டிட்டீரோ?"

"வருமானம் இருக்கக் கூடாது எண்டனீங்களெல்லோ?"

"ரெண்டாவது?"

"என்ரை சீதனக் காணியை விக்கிறதுக்கு. காணி என்ரையெண்டாலும் புருசன் கையெழுத்து வைக்காமல் எங்கடை சட்டத்திலை விக்க ஏலாதே. ரிக்கற் காசு அதிலைதான்."

"நாலாவது?"

"அது கொழும்பிலை ஆஸ்திரேலிய உயர்ஸ்தானிகராலயத்துக்கு நீங்கள் எழுதின கடிதம். என்னைப் பிரிஞ்சு நீங்கள் சாப்பாடு தண்ணியில்லாமல் படுற பாடு. மாமா இங்கிலீசிலை வடிவா எழுதினவர். வாசிச்ச வெள்ளைக்காரப் பெட்டைக்குக் கண் கலங்கிப் போச்சு."

முன்சீட்டில் பார்த்தசாரதியின் தோள் குலுங்கியது. கார் கொஞ்சம் வலப்பக்கம் போய் வந்தது.

"பொய் எழுதமாட்டன் எண்டனான்" என்றாள் நாகேஸ். "அதுதான் எல்லாத்தையும் உண்மையாக்கிப் போட்டு எழுதினனான்."

ஃபிளாட்டுக்கு வந்தோம். அவள் ஒவ்வொரு அறையாகப் பார்த்தாள். கட்டிலில் கிடந்த ஈரத் துவாயை இரண்டு விரலால் தூக்கினாள். குசினியில் பதினேழு வெற்று மீன்ரின்னை எண்ணினாள். கேள்வி கேட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

நான் கடிதத்தைப் பார்த்தசாரதியிடம் கொடுத்தேன். போனது போகட்டும், நானூறாவது வரட்டும்! அவர் கதிரையில் இருந்து வாசித்தார். திரும்ப வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"நித்தி, இது போன ஜூன் மாசம் முடிஞ்ச வருஷத்துக்கான ஃபாரம்."

"ஓம்."

"செப்டம்பர் கடைசி வரைக்கும் மாசம் நானூத்தம்பது ரூபாய் சம்பளம் வாங்கினேன், அக்டோபர்லேர்ந்து வருமானம் இல்லைன்னு தெளிவா எழுதியிருக்காங்க. ஜே.பி. முத்திரையும் குத்தியிருக்கு. அந்த வருஷம் பூரா சம்பளம் வந்திருக்கே! இதை வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது. போச்சு."

"நாகேஸ்!"

குசினிக்குள் இருந்து குரல் வந்தது. "எந்த வருசத்துக்கு எண்டு நீங்கள் சொல்லேல்லையே! கேட்ட கேள்விக்குத்தானே விடை எழுதலாம்?"

என் முகத்தைப் பார்த்துப் பார்த்தசாரதிக்கு இரக்கம் வந்துவிட்டது. "விடுங்க நித்தி. அடுத்த வருஷம் அவங்க இங்கயே இருப்பாங்க. வேலையும் இல்ல. அப்ப நல்லாவே கிடைக்கும்" என்றார். அதைப் பிடித்துக்கொண்டுதான் நான் சோறு தின்றேன். சோறு நன்றாகத்தான் இருந்தது. அதையும் சொல்லவேண்டும்.

பார்த்தசாரதி நல்ல மனிதர். ஒரு கிழமைக்குள் பக்கத்துத் தெருவில் வேறு அறை பார்த்துக்கொண்டு போனார். ஹோல்டன்காரன் இருபது டொலரைத் திருப்பித் தரவில்லை, சிரிப்பு மட்டும் தந்தான்.

முதலாம் சனிக்கிழமை என் முன்னூற்றிநாலுக் கூட்டம் வந்தது. நாகேஸ் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். இரண்டாம் சனி ஒரு கை குறைகிறது என்று அவளும் இருந்தாள். விழுந்த சீட்டெல்லாம் அவளுக்கு மனப்பாடம். எல்லாரையும் தோற்கடித்தாள். மூன்றாம் சனி அந்தக் கூட்டத்து ஜெயரட்ணம் ஃபோன் எடுத்து, "அக்கா இண்டைக்கு விளையாடுவாவோ?" என்று கேட்டான். என்னைப் பற்றி அவன் ஒன்றும் கேட்கவில்லை.

போகட்டும். அடுத்த வருஷத்து நானூறு இருக்கிறதே! அந்த நினைவில் நான் பத்தரை நித்திரையை விட்டேன், ஏழு மணிக்கு எழும்பினேன், துவாயைக் கொடியில் காயப்போட்டேன்.

மார்கழியில் ஒரு பின்னேரம் வேலையால் வந்தபோது நாகேஸ் ஒரு கடிதத்தை என்னிடம் நீட்டினாள். இந்த முறை நான் ஏமாறவில்லை. மேலிருந்து கீழ்வரை ஒரு எழுத்து விடாமல் வாசித்தேன். ஒரு பள்ளிக்கூடத்தின் கடிதம். கணக்கு ரீச்சர் தேவையாம். தைமாதக் கடைசியில் தொடங்கவேண்டுமாம். கிழமைச் சம்பளம் என்னுடையதை விடப் பதினொரு டொலர் கூட.

"இதென்ன இது? எப்ப போய்க் கேட்டனீர்?"

"நீங்கள் வேலைக்குப் போன நேரத்திலை. இஞ்சை கணக்குப் படிப்பிக்க ஆளில்லையாம்."

"அப்ப அடுத்த வருசத்து நானூறு?"

"எனக்கு வருமானம் இருந்தால் எப்பிடிக் குடுப்பான்? நீங்கள்தானே ட்ரங்க் கோல் எடுத்துச் சொன்னனீங்கள்!"

அடுத்த ஆடியில் இரண்டு படிவத்தையும் அவளே நிரப்பினாள். என் வரியில் ஒரு சதமும் குறையவில்லை. வீட்டில்தான் கேள்வி கேட்கிற ஒரு ஆள் கூடியது.