பாசிர் ரிஸ் போகாத வண்டி

நின்றுகொண்டிருக்கும் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுவது அவ்வளவு எளிதல்ல. தியாகராசா அதையும் செய்துவிட்டார்.

சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்தில், அஹமது கபீரின் பட்டறைக் கொட்டகைக்குள் அந்த வண்டி ஸ்டாண்டு போட்டு நின்றது. பின் சக்கரம் தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் வெறும் காற்றில் சுற்றியது. முன் சக்கரத்துக்கு டயரே இல்லை. அது லண்டனிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்தது.

"இப்ப புக்கிட் தீமா வளைவு. இடது பக்கம் சாயுங்க," என்றார் கபீர்.

கண்ணை மூடியிருந்த தியாகராசா முழு மனசோடு சாய்ந்தார். வண்டியும் கூடவே சாய்ந்தது.

"அவ்வளவு சாயச் சொல்லல லா," என்று கபீர் அவரைத் தூக்கிவிட்டார்.

"வளைவு எவ்வளவு எண்டு நீங்கள் சொல்லேல்லை," என்றார் தியாகராசா, முழங்கையைத் தடவிக்கொண்டே.

அவர் நில அளவை ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், கல்யாணத்துக்கும் முன்னால், மோட்டார் சைக்கிள் ஓட்டியவர். ஒரு மழை நாளில் ரோச்சோர்க் கால்வாய்க்குள் வண்டியோடு இறங்கினார். அவர் வெளியே வந்தார். பையில் இருந்த வரைபடம் வரவில்லை. அதற்குப் பிறகு மோட்டார் சைக்கிளைத் தொடவே இல்லை. இப்போது ஆபீசில், கிராஞ்சி, மார்சிலிங் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களுக்குப் போய் எல்லைக் கல் பார்க்க ஒரு மேற்பார்வையாளர் தேவைப்பட்டார். "மோட்டார் சைக்கிள் தெரிந்தவர் யார்?" என்று துரை கேட்டபோது, தன்னுடைய கை உயர்ந்திருப்பதைத் தியாகராசா கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தார். மாதக் கடைசியில் குதிரைப் பந்தயத் திடலில் ஓட்டிக் காட்டவேண்டும். இல்லாவிட்டால் அவருக்கு ஆறு வருஷம் பிந்திச் சேர்ந்தவனுக்கு அந்தப் பதவி போய்விடும்.

ஓட்டுவதை விட்டவர்களுக்கு மறுபடி பழக்கிக் கொடுக்க அந்த வட்டாரத்தில் இருந்தவர் கபீர் ஒருவர்தான்.

"கை மறக்காது கிராணியாரே. மனசுதான் மறக்கும்," என்றார் அவர். "டயர் வர்றவரைக்கும் மனசு ஓட்டட்டும். கண்ணை மூடுங்க, நான் ரோட்டைச் சொல்றேன்."

விழுந்த மறுநாள், வண்டி ஆடாமல் இருக்கப் பின்னால் கனம் வேண்டுமென்று ஓர் அரிசி மூட்டையைக் கட்டினார்கள். வண்டியின் உதறலில் தையல் விட்டு அரிசி கொட்டியது. அரிசியைப் பார்த்துப் பக்கத்து வீட்டு நூருன்னிசாவின் கோழிகள் வந்தன. கோழிகளைத் தேடி நூருன்னிசாவும் வந்தார். ஆப்பம் சுட்டு விற்பவர், நல்ல கனம்.

கபீர் அவரை ஒரு தரம் பார்த்தார். "ராத்தா, கொஞ்சம் பின்னால ஏறி உக்காருறீங்களா?"

"எங்க போறீங்க?"

"கிராஞ்சிக்கு."

"கிராஞ்சியில எனக்கு யாரு இருக்கா? பாசிர் ரிஸுன்னா வாரேன். எம் மக ஆயிஷா அங்கதான் இருக்கா. பாத்து ரெண்டு வருஷமாச்சு. மாட்டுவண்டியில ஏறுனா எனக்குக் கொடலப் பெரட்டுது."

வண்டி எங்கும் போகவில்லை என்பதை இருவரும் அவரிடம் எடுத்துச் சொன்னார்கள். "அதனால என்ன," என்று சொல்லிவிட்டு நூருன்னிசா ஏறி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

கபீர் அந்தப் பக்கம் போனதே கிடையாது. ஆனாலும் சொன்னார். சிராங்கூன் ரோடு முடிகிறது. தெம்பனிஸ் ரோடு தொடங்குகிறது. இரண்டு பக்கமும் தென்னை. கபீர் ஓலை விசிறியால் முன்னாலிருந்து வீச, அந்தக் காற்று தியாகராசாவின் காதுகளுக்குள் புகுந்தது. எஞ்சின் சத்தம் மெல்லத் தேய்ந்து, வண்டுகளின் சத்தம் போலாகி, பிறகு அதுவும் இல்லாமல் போனது. தென்னை ஓலைகளின் நிழல் இமைகளின் மேல் வரிவரியாக ஓடியது. எங்கேயோ மீன் காய்ந்தது. தன் வயது நாற்பத்திரண்டு என்பதைத் தியாகராசா முற்றிலும் மறந்துவிட்டார்.

பெட்ரோல் தீர்ந்து எஞ்சின் நின்றதும் கண்ணைத் திறந்தார். கபீர் விசிறியை மடியில் போட்டுக்கொண்டு, உட்கார்ந்தபடியே தூங்கியிருந்தார்.

நூருன்னிசா இறங்கிச் சேலையை உதறினார். "ஆயிஷா இளைச்சுப் போயிட்டா," என்றார். கோழிகளை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் மாலை கொட்டகை வாசலில் நாலு பேர் நின்றார்கள்.

பால்காரர் அழகப்பனுக்கு மார்சிலிங் தோட்டத்தில் இருக்கும் தம்பியைப் பார்க்கவேண்டும். புகையிலைக் கடை அப்துல் அஜீஸ் கடல் பார்க்கவேண்டும் என்றார். இத்தனை வருஷமாகக் கடையை விட்டு வரமுடியவில்லையாம். ஒவ்வொருவராக ஏற்றிக்கொண்டு போனதில் தியாகராசா கியர் மாற்றிப் பழகவேண்டிய நேரம் முழுவதும் போய்விட்டது.

"பெட்ரோல் இல்லன்னு சொல்லிடுவோம்," என்றார் கபீர்.

சொன்னார்கள். அப்துல் அஜீஸ் ஒரு டின் நிறைய வாங்கி வந்தார்.

"எனக்குக் கண் எரியுது எண்டு சொல்லுங்கோ," என்றார் தியாகராசா. மூடித்தானே ஓட்டுகிறீர்கள் என்று கேட்டுவிட்டு அழகப்பன் விளக்கெண்ணெய் கொண்டுவந்தார்.

கடைசியில், இனிமேல் ஜொகூருக்கு மட்டும்தான், வேறெங்கும் போகாது என்று அறிவித்தார்கள். அவ்வளவு தூரம் என்றால் கூட்டம் குறையும் என்பது எண்ணம். மறுநாள் பதினோரு பேர் கட்டுச்சோற்றோடு வந்தார்கள். நூருன்னிசா மட்டும் ஜொகூருக்கு ஒப்புக்கொள்ளவில்லை. அவருக்கு வாரம் இரண்டு தரம் பாசிர் ரிஸ்.

இந்தச் சமயத்தில்தான் விஷயம் வீட்டுக்குப் போனது.

"இஞ்சருங்கோ," என்றாள் மனைவி யோகம், சோற்றைப் பரிமாறிக்கொண்டே. "பின்னேரத்திலை எங்கை போட்டு வாறியள்?"

"ஓட்டப் பழகுறன். சொன்னனான்தானே."

"பழகுறியள். பாசிர் ரிஸ் மட்டும் போய்ப் பழகுறியள். அங்கை ஆயிஷா எண்டு ஒரு பெட்டை இருக்கிறாளாம். எதிர்வீட்டுக் குணமணியக்கா சொல்லுறா, ஊரே கதைக்குதாம்."

தியாகராசா பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டார். "யோகம், நான் அந்தக் கொட்டகையை விட்டு ஒரு அடி நகரேல்லை. வண்டிக்கு டயரே இல்லை."

"டயர் இல்லாத வண்டியிலை நாளும் மூண்டு மணித்தியாலம் என்ன செய்யிறியள்?"

"கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறன்."

சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்கிறது என்று அவருக்கே புரிந்தது. அன்றிலிருந்து யோகம் பேசவில்லை. சோறு வந்தது, குழம்பு வந்தது, குரல் மட்டும் வரவில்லை. பதவி கிடைக்காமல் போனாலும் பரவாயில்லை, இந்த வீட்டில் யாராவது ஏதாவது சொன்னால் போதும் என்று தியாகராசாவுக்கு ஆகிவிட்டது.

மாதக் கடைசிக்கு மூன்று நாள் இருக்கும்போது டயர் வந்தது. சனிக்கிழமை காலை பந்தயத் திடலில், துரை பார்த்துக்கொண்டிருக்க, தியாகராசா வண்டியை எடுத்தார். கண்ணைத் திறந்துகொண்டு ஓட்டுவது முதலில் அவருக்குக் கூச்சமாக இருந்தது. உலகம் தேவைக்கு அதிகமாகத் தெளிவாக இருந்தது. ஆனால் கைக்கு எல்லாம் தெரிந்திருந்தது. மூன்று சுற்றுச் சுற்றி, துரையின் பூட்ஸுக்கு ஒரு முழம் முன்னால் நிறுத்தினார். பதவி உத்தரவு அன்றைக்கே கைக்கு வந்தது.

அதை யோகத்திடம் கொடுத்தார். அவள் அதை அலமாரியில் வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனாள்.

"யோகம்," என்றார் தியாகராசா, அடுக்களை வாசலில் நின்று. "நாளைக்கு என்னோடை பாசிர் ரிஸுக்கு வா. அந்தப் பிள்ளையை நான் என்ரை கண்ணாலை கண்டதில்லை. உனக்கு முன்னாலை அவளையே கேக்கிறன். அவளே சொல்லட்டும்."

யோகம் அகப்பையைக் கீழே வைத்தாள். பத்து நாளுக்குப் பிறகு வாயைத் திறந்தாள். "எத்தினை மணிக்கு?"

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் புறப்பட்டார்கள். பின்னால் தலையணை கட்டி யோகம் உட்கார்ந்தாள். முதல் இரண்டு மைல் அவருடைய சட்டையை மட்டும் பிடித்திருந்தாள். சிராங்கூன் ரோடு முடிந்து தெம்பனிஸ் ரோடு தொடங்கியது. இரண்டு பக்கமும் தென்னை. ஓலை நிழல் அவர்கள் மேல் வரிவரியாக ஓடியது. எங்கேயோ மீன் காய்ந்தது. எந்த வளைவில் எவ்வளவு சாயவேண்டும் என்று அவர் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஒரு வளைவில் யோகத்தின் கை அவருடைய தோளுக்கு வந்தது. அதற்குப் பிறகு அது கீழே இறங்கவில்லை.

"காத்து நல்லாயிருக்கு," என்றாள்.

அந்த நிமிஷத்தில் தியாகராசாவைப் போல நிம்மதியான மனிதர் தீவிலேயே இருந்திருக்கமாட்டார்.

பாசிர் ரிஸ் கம்பத்துக் குடியிருப்பில் விசாரித்ததும் கடலோரத்தில் ஓர் அத்தாப்பு ஓலை வீட்டைக் காட்டினார்கள். வண்டிச் சத்தம் கேட்டு, கையில் ஒட்டிய மாவோடு ஒல்லியான ஒரு பெண் வாசலுக்கு வந்தாள். தியாகராசா எஞ்சினை அணைத்தார். யோகத்துக்கு ஒரு சொல்லும் தவறக்கூடாது என்று, வண்டியில் இருந்தபடியே உரக்கக் கேட்டார்.

"பிள்ளை, நீதானே ஆயிஷா? இண்டைக்கு முன்னம் நீ என்னை எங்கையாவது கண்டிருக்கிறியா? இவவுக்கு முன்னாலை சொல்லு."

ஆயிஷா ஒன்றும் புரியாமல் அவரைப் பார்த்தாள்.

"என்னங்க ஐயா இப்படிக் கேக்குறீங்க? உம்மாவைக் கொண்டாந்து விட்டப்பல்லாம், டீ குடிக்கக் கூப்பிட்டும் இறங்காம, கண்ண மூடிக்கிட்டு வண்டியிலேயே உக்காந்திருந்தீங்க. இன்னைக்காவது உள்ள வாங்க."