நாலு பேருக்கு ஒரே மேஜை

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கையில், தி. நகர் ஜவுளிக்கடையின் கம்ப்யூட்டர் அன்றைக்கு மூன்றாம் முறையாக அப்படியே நின்றுவிட்டது.

புடவைப் பிரிவில் ஒன்று, வேட்டிப் பிரிவில் ஒன்று, மாடி கோடவுனில் ஒன்று, முதலாளி அறையில் ஒன்று என்று ஒரே கம்ப்யூட்டருக்கு நான்கு திரைகள். எந்தச் சரக்கு எத்தனை இருக்கிறது என்று நான்கிலும் ஒரே சமயத்தில் பார்க்கலாம். அப்படித்தான், கம்ப்யூட்டரைக் கவனித்துக்கொள்ள வேலைக்குச் சேர்ந்த ஜவஹர் வாக்குக் கொடுத்திருந்தான். 1979-இல் அந்தத் தெருவிலேயே கம்ப்யூட்டர் வைத்த ஒரே கடை என்பதில் அவனுக்குத் தலைகால் புரியாத பெருமை.

"என்ன தம்பி, உம்ம மிஷின் மூச்சுப் பேச்சில்லாம கெடக்கு?" என்றார் முதலாளி வைரவன் அண்ணாச்சி.

"மெமரி பத்தலை அண்ணாச்சி. துணி வெட்டற மேஜைன்னு வெச்சுக்குங்க. நாலு பேர் ஒரே மேஜையில வேலை செய்யலாம். அவங்கவங்க முடிச்சு மடிச்சு வெச்சுட்டா சரி. ஒருத்தர் மட்டும் விரிச்சுக்கிட்டே போனா, மத்தவங்க நிக்க வேண்டியதுதான்."

"பெரிய மேஜையா வாங்கலாம்லா?"

"அந்த விலைக்கு இன்னொரு கடையே வாங்கலாம். கவலைப்படாதீங்க, அரை மணியில சரி பண்ணிடறேன்."

"சாயங்காலம் வரைக்கும் பார்ப்பேன். ஓடலைன்னா மிஷின் வந்த வண்டியிலேயே திரும்பிப் போவும். நீரும் கூடவே ஏறிக்கிடும்."

அண்ணாச்சி தம் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். போன வாரம்தான், இந்த உத்தியோகத்தைச் சொல்லி ஜவஹருக்கு அபிராமபுரத்தில் பெண் நிச்சயம் செய்திருந்தார்கள். ஆனாலும் அவன் அசரவில்லை.

முதலில் கோடவுன் திரையை அணைத்தான். அண்ணாச்சி அறையில் இருந்ததைத் தொடவில்லை. அது வருகிறவர்கள் பார்த்து வாயைப் பிளப்பதற்காக வைத்தது. அவர் அதில் ஒரு எழுத்தைக்கூடத் தட்டி அவன் பார்த்ததில்லை.

திரை போனதால் கோடவுன் அய்யாதுரை இருப்பைச் சொல்ல மாடிப்படியில் நின்று, "சுங்குடி பன்னெண்டூ!" என்று கத்தினார். கீழே ஒரு அம்மாள் அதுதான் விலை என்று எண்ணி, மூன்று சுங்குடிப் புடவைகளை அணைத்துக்கொண்டு விட மாட்டேன் என்றாள். இந்தக் கலாட்டாவில் கம்ப்யூட்டர் மறுபடியும் நின்றது.

"விவரத்தைக் கொறைச்சா இடம் வந்துடும்" என்று ஜவஹர் புடவைகளின் நிறத்தையெல்லாம் நீக்கினான். கல்யாண வீட்டார் வந்து அரக்குப் பட்டு கேட்டார்கள். "பட்டு முப்பது இருக்கு" என்றாள் புடவைப் பிரிவு புஷ்பம், திரையைப் பார்த்து. இறக்கினால் முப்பதும் பாசிப்பச்சை.

"எங்க வீட்டுல நடக்கப்போறது தவளைக் கல்யாணம் இல்லேம்மா" என்றார் பெண்ணின் மாமா.

அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். மறுபடி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கம்ப்யூட்டர் முன்னைவிடச் சீக்கிரமாக நின்றது.

"ஒரு நேரத்துல ஒருத்தர்தான் தட்டணும். இப்ப எப்படி நிக்குதுன்னு பார்க்கறேன்!" என்று ஜவஹர் சாமி படத்தடியில் இருந்த பூஜை மணியை எடுத்து வந்தான். மணி யார் கையிலோ அவருக்குத்தான் கம்ப்யூட்டர். முடித்ததும் ஆட்டிவிட்டு அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். புஷ்பம் முதல் தடவை ஆட்டியதுமே கடையில் இருந்த அத்தனை பேரும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒரு மாமி விபூதி கேட்டாள்.

நாலரைக்குக் கம்ப்யூட்டர் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. ஒருவர் மட்டும் தட்டும்போது அது படுக்க நியாயமே இல்லை. ஜவஹர் பூஜை மணியைச் சாமி படத்தடியிலேயே திருப்பி வைத்தான். தோற்றதை நாமே போய்ச் சொல்லிவிடுவோம் என்று அண்ணாச்சி அறைக்கு நடந்தான்.

கடையைப் பெருக்கி டீ கொடுக்கும் முத்தம்மா, காலி டம்ளரோடு வெளியே வந்து கதவை மறித்துக்கொண்டாள்.

"இப்ப உள்ள போவாத நைனா. பொட்டி நிக்காம ஓடணும்னு மொதலாளி காலைலேர்ந்து அதுலயே 'ஓம் முருகா' அடிச்சிக்கினு கீறாரு. அது நிக்கிறப்போல்லாம் வேண்டுதலை ஏத்திக்கினே போயி, இப்ப லட்சத்தெட்டு ஆயிடிச்சி!"