மஞ்சள் தடவிய புரோகிராம்

என் அம்மா கையில் புதிதாக எதைக் கொடுத்தாலும் நான்கு மூலையிலும் மஞ்சள் வைத்துவிடுவாள். கல்யாணப் பத்திரிகை, பீரோ, ரேடியோ எதுவும் தப்பியதில்லை. இது தெரிந்திருந்தும் என் முதல் கம்ப்யூட்டர் புரோகிராமை மயிலாப்பூர் வீட்டுக்குக் கொண்டுபோனேனே, என்னை என்னவென்று சொல்வது! (பெருமை, வேறென்ன.)

எழுபதுகளின் நடுவில் அடையாறில் ஒரு கம்ப்யூட்டர் மையத்தில் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தேன். அப்போது புரோகிராம் என்றால் அட்டைக் கட்டு. ஒரு வரிக்கு ஓர் அட்டை, அட்டை முழுக்க மெஷினில் குத்திய பொடிப்பொடி ஓட்டைகள். மானேஜர் ராகவன் கறாராகச் சொல்லிவிட்டார்: வெள்ளிக்கிழமைக்குள் என் புரோகிராம் பிழையில்லாமல் கம்பைல் ஆக வேண்டும், அதாவது மெஷின் அதைப் படித்துத் தன் பாஷைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் வேலை கிடையாது. வீட்டிலோ அப்பா என் ஜாதகத்தோடு தயாராக இருந்தார்.

வழக்கப்படி என் புரோகிராமைச் சம்பளப் பட்டியலின் பெரிய அடுக்கோடு சேர்த்துத்தான் ஓட்ட வேண்டும். டிரே டிரேயாக அட்டை. அடுக்கி முடிப்பதற்குள் வெள்ளிக்கிழமை போய்விடும். மெஷின் ஓட்டும் திருவல்லிக்கேணி காதர் பாய்தான் கைகொடுத்தார்.

"இன்னாத்துக்கும்மா அம்மாம் பெரிய அடுக்கு? உன் புரோகிராம மட்டும் எட்த்துகினு வா. முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு மெஷினுக்கு உத்தரவு சொல்ற அட்டை நான் வெச்சிக்கிறேன். தனியாவே கம்பைல் ஆவும்."

அந்தச் சின்னக் கட்டைத்தான் வியாழன் மாலை வீட்டில் காட்டினேன். மறுநாள் அம்மா காகிதம் சுற்றிக் கொடுத்த பொட்டலத்தைப் படபடப்பில் சரியாகப் பார்க்காமலே பிரித்து நீட்டினேன். பேச்சு சுவாரசியத்தில் பாயும் வாங்கிப் போட்டார். கடகடவென்று நாலைந்து அட்டை உள்ளே போயிற்று. அப்புறம் ஒரு கிறீச். மெஷின் நின்றுவிட்டது.

பாய் மூடியைத் திறந்தார். "இன்னாம்மா இது? கார்டா, கல்யாணப் பத்திரிகையா?"

ஒவ்வோர் அட்டையிலும் நான்கு மூலைக்கும் பொறுமையாக மஞ்சள்! ஈரத்தில் மூலைகள் அப்பளமாகச் சுருண்டிருந்தன. பின்னால் மொத்த ஆபீசின் சம்பளப் பட்டியல் காத்திருந்தது.

மானேஜர் வந்தார். ஓர் அட்டையை எடுத்து முகர்ந்தார். "யாராத்துக் கல்யாணம்?"

"அம்மாதான் சார்... புதுசுன்னு..." என்று இழுத்தேன்.

"சின்னக் கட்டு சார்," என்றார் பாய். "பெர்சா இருந்தா நாம காலி. நான் மெஷினத் தொடைக்கிறதுக்குள்ள இந்தப் பொண்ணு புதுசா குத்திகினு வந்துடும்."

மானேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். "ஓடுங்கோ."

ஓடினேன். எல்லா அட்டையையும் மறுபடி குத்திக்கொண்டு வந்தேன். பாய் போட்டார். ஒரே ஒரு தாள் வெளியே வந்தது. பிழை ஒன்றுகூட இல்லை! மானேஜர் தாளை இரண்டு தரம் படித்தார்.

"வேலை உங்களுக்குத்தான். ஆனா அம்மாகிட்ட சொல்லுங்கோ, இனிமே அட்டை வைக்கிற டப்பாவுக்கு மட்டும் மஞ்சள் வெச்சா போறும்."

வீட்டில் மெஷின் நின்ற கதையை விலாவாரியாகச் சொன்னேன். அம்மா அதைக் காதிலேயே வாங்கவில்லை. "ஒரு தப்புகூட வரலையோல்லியோ? பின்னே, மஞ்சள் வெச்சது யாராம்?"

அந்த வேலைதான் கடைசிவரை எனக்குச் சோறு போட்டது. பாய்க்கு நான் பட்ட கடன் தீராது. அம்மாவுக்கும்தான், அவள் இருந்தவரை அதை அவளிடம் ஒப்புக்கொண்டதில்லை.

என் மகனுக்கும் இப்போது கம்ப்யூட்டர் உத்தியோகம். புரோகிராம் மக்கர் பண்ணினால் அறையிலிருந்து கத்துவான்: "அம்மா, மஞ்சள் டப்பா எங்கே?" வீடே சிரிக்கும். போன வாரம் அவனுடைய புது லேப்டாப்பைத் துடைக்க எடுத்தேன். மூலையில் பொட்டாக மஞ்சள்.

சத்தியமாக நான் வைக்கவில்லை.