என்கொயரி அண்ணன் பனி விசாரித்த கதை

எந்தப் பொருளை வாங்கினாலும் அதை விற்கிறவனிடம் ஒரு வார்த்தை கேட்காத மனுஷர் இந்த உலகத்திலேயே ஒருத்தர்தான். அவர் சுத்துக்கேணியில் எங்கள் எதிர் வீட்டில் குடியிருக்கிறார். ஞானஸ்நானத்தில் வைத்த பேர் ஒன்று இருக்கிறது. அந்தப் பேரைச் சொல்லிக் கேட்டால் தெருவில் யாருக்கும் தெரியாது. என்கொயரி என்றால் கையைப் பிடித்துக் கூட்டிவந்து வீட்டு வாசலில் விடுவார்கள். நாலு மாடு, கொஞ்சம் நிலம், இதுதான் பிழைப்பு. மற்ற நேரமெல்லாம் விசாரணை.

மிக்சி வாங்கத் திருக்கனூருக்குப் போவார். கடைக்குள் நுழைய மாட்டார். எதிரே டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, "அந்தாண்ட மிக்சி விக்கிறானே, ஆளு எப்டிப்பா?" என்று ஆரம்பிப்பார். மாடு வாங்கப் போனால் மாட்டுக்காரனை விட்டுவிட்டு அடுத்த கொல்லைக்காரனைப் பிடிப்பார்.

"விக்கிறவன் எதுக்குத் தம்பி குறை சொல்லப்போறான்? எதிர் வூட்ல கேளு. அவனுக்கு நல்லது சொல்ல வாய் வராது. இன்னா குறை சொல்றான்னு பாத்து நாமதான் எடை போட்டுக்கணும்" என்பார்.

எனக்குப் பெண் பார்த்தபோதும் இவர்தான் போனார். பெண் வீட்டுக்கு எதிர் வீட்டில் டீயும் முறுக்கும் சாப்பிட்டுவிட்டு வந்து தீர்ப்புச் சொன்னார். "பொண்ணு எதுத்து எதுத்துப் பேசுமாம். தப்புன்னா பெத்த அப்பனையே வுடாதாம். எதிர் வூட்டுக்காரி அழாத குறையா சொல்றா." எனக்கு முகம் தொங்கிப்போனது. "உன்ன மாதிரி மண்ணாந்தைக்கு அதாண்டா வேணும், முடிச்சிடு" என்றார். முடித்தேன். எதிர்ப்பேச்சு இன்றைக்கு வரைக்கும் நிற்கவில்லை. என் குடித்தனம் ஒழுங்காக நடப்பதும் அதனால்தான்.

இப்படிப்பட்டவர் கையில் போன வருஷம் ஒரு பெரிய காரியம் வந்து மாட்டியது.

அவர் மனைவி அமலோற்பவம் அக்கா கிறிஸ்துமசுக்குக் கிறிஸ்துமஸ் வீட்டில் குடில் கட்டுவார். குடிலின் வைக்கோல் கூரை மேல் பஞ்சைப் பிய்த்துப் பிய்த்து ஒட்டி, இதுதான் பனி என்பார். புருஷனிடம் வாய் திறந்து எதையும் கேட்டவர் இல்லை. அந்தத் தடவை ஒட்டிக்கொண்டே சொன்னார். "இத்தினி வருஷமா பஞ்சையே ஒட்டிக்கினு இருக்கேன். நெஜப் பனியை ஒரு தபா தொட்டுப் பாத்துடணும்யா."

அண்ணனுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. கேட்காதவள் கேட்டுவிட்டாள். மகள் ஜெசிந்தாவைக் கட்டிக்கொடுத்திருப்பது பிரான்சில்; பிரெஞ்சுக்காரன் ஆண்ட எங்கள் பக்கத்தில் இது சகஜம். உடனே போன் போட்டார். மருமகனுக்கு லீவு கிடைப்பதோ ஏப்ரலில்தான். அங்கே அது வசந்த காலம், பனி உருகி ஓடுகிற மாதம்.

"பனிச்சறுக்கு ஆடுற மலை ஊருங்க மூணு இருக்குது மாமா. எதுக்குப் போலாம்னு நீங்களே சொல்லுங்க" என்றார் மருமகன். மரியாதைக்குச் சொன்ன வார்த்தை. அண்ணன் அதை அப்படியே பிடித்துக்கொண்டார்.

ஊர்ப் பேரெதுவும் அவர் வாயில் நுழையவில்லை. போட்டோவைப் பார்த்து அவரே பேர் வைத்தார். மாதா கோயில் ஊர், ஏரி ஊர், மொட்டை ஊர். மாதா கோயில் ஊர் அப்படியே காலண்டர் படம். மருமகனுக்கு அதன் மேல்தான் ஆசை. அண்ணன் மசியவில்லை. "போட்டோல எல்லாப் பொண்ணும் அழகாத்தான் இருக்கும். அம்மாம் தொலைவு போயி இவ புல்லை மிதிச்சிட்டு வரதுக்கா? புல்லு நம்ம வரப்புலயே இருக்குது."

அன்றைக்கே விசாரணை தொடங்கியது. ஒவ்வோர் ஊர் ஓட்டலுக்கும் ஜெசிந்தா போன் போட வேண்டியது. இவர் மாட்டுக் கொட்டகையிலிருந்து அதே லைனில் இருப்பார்.

"அவன் ஊரு பனியைக் கேக்காதடி. பக்கத்து ஊரு பனியைக் கேளு."

"லூசுன்னு நெனைப்பாங்கப்பா."

"நெனச்சிட்டுப் போறான். அவன் இன்னா நம்ம வூட்லயா பொண்ணு எடுக்கப்போறான்?"

ஏரி ஊர்க்காரன், மாதா கோயில் ஊர் பள்ளத்தில் கிடக்கிறது, ஏப்ரலில் அங்கே வெறும் சேறுதான் என்றான். மாதா கோயில் ஊர்க்காரி, ஏரி ஊர் வெயில் பார்த்த ஊர், மத்தியானமானால் பனியெல்லாம் கஞ்சியாகிவிடும் என்றாள். "ரெண்டு பேரும் பொய் சொல்லல" என்று அண்ணன் இரண்டு ஊரையும் தள்ளிவிட்டார்.

மொட்டை ஊருக்குக் கீழே, மலையடிவாரத்தில் ஒரு பாகூர்க்காரர் ஓட்டல் சமையலில் இருப்பது தெரியவந்தது. நம்ம பக்கத்து ஆள் இல்லாத சமையற்கட்டு பிரான்சில் ஏது? அவர் போனை எடுத்ததும் கொட்டித் தீர்த்துவிட்டார்.

"அங்கயா? வேணாம்ணே. ஒரே ஒசரம், ஒரு மரம் கெடையாது. மலை வடக்கப் பாத்து ஒக்காந்துகினு இருக்குது, வெயிலே வுழாது. ஏப்ரல்லயும் மூக்கு வெறச்சிப் பூடும். மெஷினு வுட்டுப் பனியைத் தள்ளினாத்தான் ரோட்டுல வண்டி போவும். மனுஷன் போவானா அங்க?"

அண்ணன் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "எம்மாம் திட்டு திட்டறான் பாத்தியா? முடிச்சிடலாம்."

ஆனால் அவர் போகவில்லை. சினை மாடு ஒன்று ஏப்ரலில் கன்று போட இருந்தது. "நான் பாத்துக்கறேண்ணே, நீங்க போய்ட்டு வாங்க" என்றேன். என்னைப் பற்றி எதிர் வீட்டில் விசாரிக்க வழியில்லை, எதிர் வீடே அவருடையது. நேராக என் மனைவியிடம் போய்க் கேட்டார். "இவரா? தொட்டிச் செடிக்கே தண்ணி ஊத்த மறந்துடுவாரு" என்றாள். அதோடு போச்சு. அக்கா தனியாக விமானம் ஏறினார்.

அக்கா மலைக்குப் போகிற நாள் இங்கே வெயில் மண்டையைப் பிளந்தது. அண்ணன் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் தொடவில்லை. "அங்க புல்லா இருந்தா இன்னாடா பண்றது? ஆசையா கேட்டாளேடா" என்று என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மத்தியானம் வீடியோ கால் வந்தது. போன் முழுக்க வெள்ளை. நடுவில் மகளுடைய கோட்டைப் போட்டுக்கொண்டு, முழங்கால் வரைக்கும் பனியில் அமலோற்பவம் அக்கா. "நல்லா இருக்குதுயா" என்றார்.

அப்பாடா என்று நான் மூச்சு விட்டேன். அண்ணன் முகம் தெளியவில்லை. "இவ அப்டித்தான் சொல்லுவா. நான் எடுத்துக் குடுத்த பொடவை அத்தனையும் நல்லா இருக்குதுன்னவ இவ" என்று முணுமுணுத்துவிட்டு, "ஜெசிந்தா, பக்கத்துல யாரு இருக்கறா? அவங்களாண்ட கேளு" என்றார்.

பக்கத்து பெஞ்சில் ஒரு வெள்ளைக்காரப் பாட்டி உட்கார்ந்திருந்தார். ஜெசிந்தா போய்க் கேட்டாள். பாட்டி கையை ஆட்டி ஆட்டி நிறையப் பேசினார்.

"கொறை சொல்றாங்கப்பா. அம்மா கையுறையைக் கழட்டி எறிஞ்சிட்டு, வெறுங்கையால பனியைப் பிச்சிப் பிச்சி இவங்க பெஞ்சு மேலயே குடில் கட்டிக்கினு இருக்குதாம். கை வெறச்சிப் பூடும்னு சொன்னா கேக்கலியாம். உள்ள கூப்ட்டாலும் வரலியாம். வூட்ல யாரும் சொல்லமாட்டீங்களான்னு திட்றாங்க."

"திட்றாங்களா?"

"ஆமாம்ப்பா."

அண்ணன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேர்வையும் கொஞ்சம் இருந்திருக்கும். "சரி, அவ இஷ்டத்துக்கு வுடு. யாரும் உள்ள கூப்டாதீங்க" என்றார். அப்புறம்தான் ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்து மடமடவென்று குடித்தார்.

நாளைக்கு இவரைப் பற்றி யாராவது விசாரிக்க வந்தால், எதிர் வீட்டுக்காரன் நான்தான். உட்கார வைத்து, டீ கொடுத்து, ஒரு குறை விடாமல் சொல்வேன். அவ்வளவு பிடிக்கும் எனக்கு அவரை.